மறதி நோய் ஆராய்ச்சிக்கு நம் வீட்டிலிருந்து என்ன செய்யலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுவது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நன்கொடைதான். பணம் தேவைதான், அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் டிமென்ஷியா என்னும் மறதி நோய், பார்க்கின்சன் போன்ற மூளை நோய்களில் உண்மையான பற்றாக்குறை ஆட்களுக்கு. சோதனைக்கு வரச் சம்மதிக்கும் வயதானவர்கள், அவர்களைக் கூட்டி வரும் பிள்ளைகள், இறந்த பிறகு மூளையைத் தர முன்வரும் குடும்பங்கள் ஆகியோர்தான் போதவில்லை.

1998-ல் கொச்சியில் நடந்த டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் பற்றிய சர்வதேச மாநாட்டில் ‘10/66’ என்ற ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைச் சொல்லவே அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அந்தக் குழு ஆய்வு நடத்தியது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் லாசி-டாட் என்ற நாடு தழுவிய முதியோர் ஆய்வு மதிப்பிட்டது. நாம் இன்று எடுத்துச் சொல்லும் இந்த எண்ணே, 18 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 4,096 பெரியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னதால்தான் கிடைத்தது.

இந்த வழிகாட்டியைக் கால வரிசையில் எழுதியிருக்கிறேன். மூளை நோய் ஆராய்ச்சிக்கு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது நேரத்தில்தான். அம்மாவோ அப்பாவோ தானே யோசித்து ‘சரி’ சொல்லக்கூடிய காலம் ஒன்று இருக்கிறது. அது போன பிறகு குடும்பம் எவ்வளவு விரும்பினாலும் பல கதவுகள் திறக்காது.

முதல் படி: இப்போதே பேசுங்கள்

டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த நிமிடமே நோயாளியின் முடிவெடுக்கும் திறன் போய்விட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவரால்கூட, “என் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கட்டும், ஊசி மட்டும் அடிக்கடி வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்ல முடியும். ஆரம்ப நிலையில் இருக்கும் பலர் ஆய்வு பற்றி விளக்கினால் புரிந்துகொண்டு, தாமே கையெழுத்துப் போடுகிறார்கள்.

அதனால் அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும். ஆய்வுகளில் சேர விருப்பமா? ரத்தம், ஸ்கேன், முதுகுத் தண்டு நீர் இவற்றில் எது வரைக்கும் சம்மதம்? இறந்த பிறகு மூளையைத் தரலாமா? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். இந்தத் தாளைக் காட்டி யாரையும் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பின்னால் உறவுக்குள் பேச்சு வரும்போது இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

பேசும்போது வீட்டில் உள்ளவர்கள் மட்டும் இருந்தால் போதாது. பெரியப்பா, தாய்மாமா, வெளியூரில் இருக்கும் மூத்த அண்ணன் என்று கடைசி நாளில் யாருடைய சொல் எடுபடுமோ அவர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் படி: நோய் இல்லாதவர்களும் சேரலாம்

“எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் எதற்கு?” என்று கேட்பவர்கள்தான் ஆராய்ச்சிக்கு மிகவும் தேவைப்படுகிறவர்கள். நோய் உள்ளவரின் மூளையில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல, அதே வயதில் நோய் இல்லாதவரின் மூளை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் கணவனையோ மனைவியையோ ஆய்வுக்குக் கேட்பது இதனால்தான். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. “உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா” என்று கேட்டால், அவருக்கும் நோய் வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

1986-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியாஸ்திரிகள் ஆய்வில் 75 வயதைத் தாண்டிய 678 பேர் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் இறந்த பிறகு மூளையைத் தரச் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு உயிரோடு இருந்தவரை நினைவு தெளிவாகவே இருந்தது. மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமரின் புரதப் படிவுகளும் முடிச்சுகளும் நிறைந்து கிடந்தன. படிவு இருந்தும் நோய் வெளிப்படாமல் போனது எப்படி என்ற கேள்வி இன்றும் இந்தத் துறையை நடத்திச் செல்கிறது. நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் பெங்களூருவில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம். கோலார் மாவட்டம் சீனிவாசபுரா வட்டத்தின் கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் சான்ஸ்காக் என்ற ஆய்வை அந்த மையம் 2018-ல் தொடங்கியது. பெங்களூரு நகரத்தாரிடம் இதே போன்ற ஆய்வை டாடா அறக்கட்டளை உதவியோடு தனியாக நடத்துகிறது. சேர்பவர்களுக்கு நினைவுத்திறன் சோதனை, ரத்தப் பரிசோதனை, மரபணுச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் உண்டு. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் கூப்பிடுவார்கள். மறுபடியும் வருகிறவர்தான் இங்கே முக்கியம். ஒரு முறை வந்துவிட்டு நின்றுவிட்டால் அவர் தந்த தகவலில் பாதிதான் பயன்படும். தொடர்ந்து வர முடியுமா என்று யோசித்துச் சேருங்கள்.

உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பக்கத்து மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அல்லது மனநலத் துறையில் நேரில் கேட்பது. வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்கார்ஃப், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்த ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. இன்னொன்று, இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐ இணையதளம். நோயின் பெயரைத் தட்டினால், எந்த மருத்துவமனையில் என்ன ஆய்வு, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, முடித்துவிட்டார்களா என்பதெல்லாம் வந்துவிடும். பார்க்க யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: சோதனை நாளுக்குத் தயாராவது

நினைவுச் சோதனை என்றால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பரீட்சை பயம்தான். கிராமத்துத் திண்ணையில் இப்படித்தான் தொடங்கும்:

“பாட்டி, நான் பத்து வார்த்தை சொல்றேன். கேட்டுக்கிட்டு அப்படியே திருப்பிச் சொல்லுங்க.”

“எனக்கு எதுக்கும்மா பரீட்சை? நான் பள்ளிக்கூடமே போனதில்ல.”

அந்தப் பாட்டியின் கேள்வி நியாயமானது. மேல்நாட்டுச் சோதனைகள் ‘ஒரு வாக்கியம் எழுதுங்கள்’, ‘நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்’ என்று கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் அதில் தோற்றால் அது நோயின் அடையாளம் ஆகாது. ஹரியானாவில் பல்லப்கர் பகுதியில் ஆய்வு செய்தவர்கள் இந்தச் சிக்கலைப் பார்த்து சோதனையையே மாற்றினார்கள். ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் பின்னோக்கிச் சொல்வதற்குப் பதில், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்யச் சொல்வதற்குப் பதில், ‘நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்’ என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். படிக்காத பெரியவர்கள் கலந்துகொள்வது வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வந்ததால்தான் சோதனை திருந்தியது.

கூட்டிப் போகும்போது மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் மறக்காதீர்கள். காது கேட்காமல் தவறிய வார்த்தையை நினைவு தவறியதாகக் குறித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள், தூக்க மாத்திரையை முக்கியமாகச் சொல்லுங்கள். சோதனை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விடையை எடுத்துக்கொடுக்காதீர்கள். பாசத்தில் செய்வதுதான், இருந்தாலும் தகவல் கெட்டுவிடும்.

நான்காம் படி: மருந்துச் சோதனையில் சேர்வதற்கு முன்

மக்களைக் கவனித்துப் பார்க்கும் ஆய்வில் ஆபத்து குறைவு. புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு அப்படியில்லை, நிதானம் வேண்டும். லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்தைப் பாருங்கள். ஆரம்ப நிலை நோயாளிகள் 1,795 பேர் 18 மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து கையில் ஊசி ஏற்றிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஏறியது மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் மருந்து பெற்றவர்களிடம் நோய் முற்றும் வேகம் சுமார் 27 சதவீதம் குறைந்திருந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு ரத்தக் கசிவும் வந்தன. 2023 ஜூலையில் அமெரிக்காவில் அதற்கு முழு அனுமதி கிடைத்தது. இது நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனாலும் அல்சைமரின் போக்கையே கொஞ்சம் தாமதப்படுத்த முடியும் என்று காட்டியதில் அந்த 1,795 பேருக்கும், அவர்களை விடாமல் கூட்டி வந்த குடும்பத்தாருக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் மருந்துச் சோதனைகளை 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அதன்படி உங்களுக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். நோயாளியால் முடிவெடுக்க முடியாத நிலை என்றால் சட்டம் ஏற்கும் உறவினர் அவர் சார்பில் கையெழுத்திடலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. சோதனையால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். அப்புறம் போய்க் கேளுங்கள்: சிடிஆர்ஐ பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் (எத்திக்ஸ் கமிட்டி) அனுமதிக் கடிதம் எங்கே? எத்தனை முறை வர வேண்டும், போக்குவரத்துச் செலவு தருவார்களா? ராத்திரி இரண்டு மணிக்குத் தலைவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது? சோதனை முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அவசியம் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. “ஸ்டெம் செல் சிகிச்சையில் டிமென்ஷியா சரியாகும், ஆராய்ச்சியும் இதுதான், இத்தனை லட்சம் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சில நிலைகளைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே தர முடியும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. பணம் கேட்கும் இடத்தில் ஆராய்ச்சி நடக்கவில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

செலவில்லாதது, எல்லா வீட்டிலும் முடிவது இது. மாற்றம் எப்போது தொடங்கியது, எது முதலில் தடுமாறியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். ‘ஞாபகம் குறைஞ்சுடுச்சு’ என்பதைவிட ‘பொங்கலுக்கு முந்தின வாரம் பால்காரருக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார்’ என்பது பல மடங்கு உதவும். முதலில் போனது நினைவா, பேச்சா, நடையா, குணமா என்பதை வைத்தே அல்சைமரா, லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவா, மூளையின் நெற்றிப் பகுதி பாதிப்பா என்று டாக்டர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். இல்லாத ஆட்கள் இருப்பது போல் தெரிவது, தூக்கத்தில் கை காலை வீசுவது இரண்டையும் கட்டாயம் குறியுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு, எந்த வயதில் இப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களின் தூக்கம், செலவு, மனநிலை பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. கேள்வித்தாள் வந்தால் நேரம் ஒதுக்கி நிரப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: பணம்

பெருந்தொகை கொடுக்க முடிந்தவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் பிரதிக்ஷா அறக்கட்டளை 225 கோடி ரூபாய் கொடுத்ததால்தான் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் எழுந்தது. நம்மைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, பெற்றோர் நினைவு நாளில் கொடுக்கும் சிறு தொகையும் ஒருவரின் சோதனைச் செலவுக்கு ஆகும். ஆராய்ச்சிக்கென்று குறிப்பிட்டுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. ஆண்டறிக்கையை வெளியிடாத அமைப்புக்கு நான் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: மூளைத் தானம்

உயிரோடு இருப்பவரின் மூளையை எவ்வளவு ஸ்கேன் எடுத்தாலும், செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே படிந்தது என்று முழுமையாகப் பார்க்க முடிவதில்லை. வயதானவர்களின் மூளையில் அல்சைமர், ரத்தக் குழாய் அடைப்பு, வேறு புரதக் கோளாறு என்று இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பது வழக்கம். இறந்த பின் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். கொலம்பியாவில் 40-களிலேயே அல்சைமரைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் உள்ள ஒரு பெருங்குடும்பம் உண்டு. அதே மாற்றம் இருந்தும் ஒரு பெண்மணிக்கு 70 வயதைத் தாண்டும் வரை நினைவு பெரிதாகக் கெடவில்லை. அவர் மூளையில் ஒரு வகைப் படிவு ஏராளம், ஆனால் மூளையைச் சிதைக்கும் டௌ என்ற புரதத்தின் முடிச்சுகள் பல இடங்களில் குறைவு. அவரைக் காத்தது இன்னொரு அரிய மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2020-ல் அவர் இறந்த பிறகு குடும்பம் மூளையைத் தந்தது. அந்த ஒரு மூளையை வைத்துப் புதிய மருந்துக்கான வழியை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், சிறுநீரகம் முதலியவற்றைப் பிறருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். அதில் தமிழ்நாடு முன்னணி மாநிலம். மூளைத் தானம் வேறு. இது இயல்பாக இறந்தவரின் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவது. உடல் தானமும் வேறு, உடற்கூறியல் துறைகள் பொதுவாக முழு உடலைத்தான் ஏற்கும். அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கண் தானமும் செய்ய ஆசை என்றால் கண் வங்கியிடம் முன்பே பேசுங்கள். டிமென்ஷியா என்றால் தயங்கும் வங்கிகள் உண்டு.

பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகிறது. வந்த மூளையில் ஒரு பகுதியை மைனஸ் 80 டிகிரி வாக்கில் உறைய வைக்கிறார்கள், இன்னொரு பகுதியை ஃபார்மலினில் பதப்படுத்துகிறார்கள். நாடு முழுக்க ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்து சிறு சிறு துண்டுகளாகப் பெறுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி செல் அளவில் படமெடுக்கிறது. 2024 டிசம்பரில் கருவில் இருக்கும் சிசு மூளையின் 5,132 சீவல் படங்களை ‘தரணி’ என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது.

மூளை சீக்கிரம் கெட்டுப்போகும் உறுப்பு. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது, ஒரு நாளைத் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை. அதனால் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு எட்டும் தூரம். தென்கோடியில் இருப்பவர்கள், பக்கத்து மருத்துவக் கல்லூரியில் எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்று வங்கியிடம் முதலிலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஆறு படிகளே அவர்களுக்குச் சரியான வழி.

பதிவுப் படிவத்தில் விருப்பம் உள்ளவர் கையெழுத்திடுவார், நெருங்கிய உறவினரும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இறந்த அன்று குடும்பம் மறுபடியும் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். அதனால் அந்த நாளுக்கு இப்படித் தயாராகுங்கள்: வங்கியின் தொலைபேசி எண்ணை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். வீட்டிலேயே இறந்தால் சான்று தர வரும் டாக்டர் யார் என்று பேசி வையுங்கள். உயிர் பிரிந்ததும் முதல் போன் வங்கிக்குப் போகட்டும், உறவுக்காரர்களுக்கு அப்புறம். ஃப்ரீசர் பாக்ஸை உடனே வரவழையுங்கள், குளிரில் இருந்தால் திசு கெடுவது தாமதமாகும். ஆம்புலன்ஸோடு யார் போவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள், அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. போன்ற தொற்று இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். விபத்து, தற்கொலை என்றால் போலீஸ் நடைமுறை முடிந்த பிறகுதான் எதுவும் நடக்கும்.

முகம் கெட்டுவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. தலையின் பின்பக்கமாக, காதுக்குக் காது முடிக்குள் மறையும்படி வெட்டி, எடுத்த பின் தைத்துவிடுகிறார்கள். முகத்தில் தழும்பு தெரியாது. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, மாலை போட்டு, வழக்கமான காரியம் எல்லாம் செய்யலாம்.

இருந்தாலும் பந்தலில் கேள்வி வரும். “ஏம்மா, அவனை முழுசா அனுப்பி வைக்க வேணாமா?” என்று பெரியப்பா கேட்பார். அவரோடு வாதாட அது நேரமில்லை. “பெரியப்பா, அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காரு. படிக்கட்டுமா?” என்று முதல் படியில் எழுதிய அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். அதன் பிறகும் வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். துக்க வீட்டை இரண்டாக்கி ஒரு தானம் செய்ய வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியாளரும் எதிர்பார்ப்பதில்லை.

படிவம் நிரப்பும்போதே கேட்க வேண்டிய இன்னொன்று, மூளையைப் பரிசோதித்த அறிக்கை குடும்பத்துக்குக் கிடைக்குமா என்பது. அறிக்கை வரச் சில மாதம் ஆகலாம். வந்ததும் அதை ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். பல ஆண்டுகள் அல்சைமர் என்று நினைத்தது வேறு நோயாக இருந்திருக்கலாம், அது பரம்பரையாக வரும் வகையா என்றும் தெரியலாம். இறந்தவரின் தம்பி தங்கைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அது நேரடியாகத் தேவைப்படும் தகவல். அதில் ஒரு நகலை ஐந்தாம் படியில் சொன்ன நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.